நாள் தள்ளிப்போனால் தட்டைப் பாருங்கள்

பெண் உடல் அறிவோம் – 11

குற்றாலத்தில் சீசன் தொடங்கி, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கும் மாதங்களில் செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து வீடுகளில் இரண்டு பேச்சுகள் சேர்ந்தே நடக்கின்றன. கல்யாணத்துக்குள் எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்பது கூடத்துப் பேச்சு. இன்னொன்று அடுக்களையில், தாழ்ந்த குரலில் நடப்பது.

"ஏட்டி, இந்த மாசமும் தலைக்குக் குளிக்கலையே?"

"வரலம்மா. ரெண்டு மாசமாவே வரல."

"ராத்திரிக்கு வெறும் வெள்ளரிக்காயத் தின்னுட்டுப் படுத்தா எப்பிடிட்டி வரும்?"

அம்மாவின் பேச்சைப் பழைய காலத்து நம்பிக்கை என்று பல மகள்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். இன்றைய ஹார்மோன் மருத்துவம் சொல்வதும் அதையேதான். பட்டினி கிடந்து எடையைக் குறைக்கும்போது மாதவிடாய் ஏன் தள்ளிப்போகிறது, ஏன் நின்றுபோகிறது, அதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

மாதச் சுழற்சி கருப்பையில் தொடங்குவதில்லை, மூளையில் தொடங்குகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டுத் துடிப்பாக ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. அவை சினைப்பையைத் தூண்ட, கருமுட்டை வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரந்து கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. கருமுட்டை வெளியேறிய பின் கரு தங்காவிட்டால் அந்தச் சுவர் உதிர்ந்து ரத்தப்போக்காக வருகிறது. முதல் துடிப்பு மெலிந்தால் பின்னால் வரும் அத்தனையும் மெலியும்.

அந்தத் துடிப்பை மெலியச் செய்வதில் பட்டினிக்கு நிகரானது வேறு அதிகம் இல்லை. அணையில் தண்ணீர் குறைந்தால் குடிநீருக்கு ஒதுக்கிவிட்டுப் பாசன மடையை அடைப்பார்கள் அல்லவா, உடலும் அப்படித்தான் செய்கிறது. இதயம், மூளை, மூச்சு ஆகியவற்றுக்குக் கிடைப்பதைக் கொடுத்துவிட்டு, இப்போதைக்கு அவசியமில்லாத வேலையை நிறுத்திவைக்கிறது. தன் உயிருக்கே உணவு போதாதபோது இன்னோர் உயிரைச் சுமக்கும் ஏற்பாடு வேண்டாம் என்பது அதன் முடிவு. இதில் கருப்பைக்கோ சினைப்பைக்கோ நோய் எதுவும் இல்லை. உத்தரவு மேலிருந்து வராததால் அவை சும்மா இருக்கின்றன.

உணவு குறைந்த செய்தி மூளைக்கு எப்படிப் போகிறது? 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். உடலின் கொழுப்புச் செல்கள்தான் இதைச் சுரக்கின்றன. கொழுப்பு குறைந்தாலும், சில நாள் உணவு குறைந்தாலும் லெப்டின் இறங்குகிறது. மூளை அதைச் சேமிப்பு கரைகிறது என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது. 2004-ல் வெளியான சிறிய ஆய்வொன்றில், உணவுக் குறைவாலும் கடும் பயிற்சியாலும் மாதவிடாய் நின்றிருந்த பெண்களுக்கு லெப்டின் ஊசி போட்டபோது சிலருக்குக் கருமுட்டை மீண்டும் வெளியேறியது. இவ்வளவு காலம் வெறும் கழிவு என்று நாம் நினைத்திருந்த கொழுப்பு, பெண்ணின் மாதச் சுழற்சியில் பேசும் உறுப்பாகவே இருக்கிறது.

எடை எவ்வளவு குறைந்தால் மாதவிடாய் நிற்கும் என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வியே கொஞ்சம் மாற வேண்டும். 1974-ல் ரோஸ் ஃப்ரிஷ், ஜேனட் மக்ஆர்தர் என்ற ஆய்வாளர்கள் உடலில் குறிப்பிட்ட விகிதம் கொழுப்பு இருந்தால்தான் சுழற்சி நடக்கும் என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அப்படி ஒரு கோட்டைக் கிழிக்க முடியாது என்று காட்டின. 2003-ல் ஆன் லவ்க்ஸ் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நல்ல ஆரோக்கியத்தோடு, ஒழுங்காக மாதவிடாய் வந்துகொண்டிருந்த இளம்பெண்களுக்கு ஐந்து நாள் மட்டும் உணவைக் குறைத்து, உடற்பயிற்சியும் கொடுத்தார். பயிற்சியில் செலவானதைக் கழித்தபின், கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனதும் ஹார்மோன் துடிப்பு தடுமாறத் தொடங்கியது. ஐந்தே நாளில்! எடைக் கருவியில் பெரிய மாற்றம் தெரிவதற்கு முன்பே மூளைக்குச் செய்தி போய்விடுகிறது.

55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலாக 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்தக் கீழ் எல்லை 1,200 கலோரி. தினமும் நடந்தும் ஓடியும் 300 கலோரி செலவழித்தால் 1,500 கலோரி சாப்பிட்டால்தான் அந்த எல்லையிலாவது நிற்பார். அலைபேசியில் கைமாறி வரும் 800 கலோரி டயட் சார்ட்டைப் பின்பற்றிக்கொண்டு காலையில் ஓட்டமும் மாலையில் ஜிம்முமாக இருக்கும் பெண்ணின் உடலுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எடை சராசரியாகவே இருந்தாலும் அவருக்கு மாதவிடாய் நிற்கலாம். "நான் ஒன்றும் ஒல்லி இல்லையே" என்பது இங்கே செல்லாது.

சாப்பிட்டதை மட்டும் பார்க்காமல் உழைத்ததையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே கொடிய சான்று உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அது. 1877-ல், பஞ்ச நிலையைக் கவனிக்க பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று மனிதர் உழைக்க முடியாது என்று வாதாடினார். 450 கிராம் தானியத்தில் ஏறக்குறைய 1,600 கலோரி கிடைக்கும். உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன தேவை 1,660 கலோரி. அப்படியானால் ஏறக்குறைய போதும் என்று தோன்றும். ஆனால் கடும் உடலுழைப்புச் செய்யும் பெண்ணுக்கு அதே கழகம் சொல்வது 2,720 கலோரி. மண் சுமந்த, கல் உடைத்த பெண்களுக்கு அந்தத் தானியம் பட்டினிதான். அந்தப் பஞ்ச காலத்தில் மாகாணத்தில் பிறப்புகள் பெரிதும் சரிந்தன. சாவும் நோயும் குடும்பங்கள் பிரிந்து அலைந்ததும் அதற்குக் காரணங்கள். பசித்த உடல் கருத்தரிக்க மறுத்ததும் அதில் ஒன்று.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தின் மேற்கு நகரங்களிலும் இதுவே நடந்தது. பங்கீட்டு உணவு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் வீழ்ந்தன. 1945 மே மாதம் விடுதலையும் உணவும் வந்ததும் மீண்டன. அங்கே பஞ்சம் என்று வரலாறு எழுதிவைத்த அளவைத்தான் இன்று நம் பெண்கள் டயட் என்ற பெயரில் விரும்பி ஏற்கிறார்கள்.

சுழற்சி ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் கருமுட்டை வெளியேறிய பின் வரும் நாட்கள் சுருங்கும். அடுத்து, ரத்தப்போக்கு வந்தாலும் கருமுட்டை வெளியேறாத மாதங்கள் வரும். போக்கு குறையும். 30 நாள் 40 ஆகும், 60 ஆகும். கடைசியில்தான் முழுவதும் நிற்கும். கூடவே கை கால் எப்போதும் சில்லென்று இருப்பது, மலச்சிக்கல், தூக்கம் கெடுவது, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக முடி உதிர்வது எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

"வரலைன்னா நல்லதுதானே, வயித்துவலி மிச்சம்" என்று நினைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எலும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் எலும்பின் காவலும்கூட. வளர் இளம் பருவத்திலும் இருபதுகளிலும்தான் எலும்பு தன் முழு வலுவைச் சேர்த்துக்கொள்கிறது. அந்த வயதில் மாதக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால், சேர வேண்டியது சேராது. இழந்தது பிறகு முழுமையாகத் திரும்பும் என்ற உறுதியும் இல்லை. இன்னோர் ஆபத்தும் உண்டு. சுழற்சி திரும்பும்போது கருமுட்டைதான் முதலில் வெளியேறும், ரத்தப்போக்கு அதற்குப் பிறகே. ஆகவே மாதவிடாய் வரவில்லை என்பதால் கரு தங்காது என்று இருந்துவிட முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்தினர் அளவுக்கு மீறிய எடையுடன் இருக்கிறார்கள். சுமார் 13 சதவீதத்தினர் எடை போதாதவர்கள். பாதிக்கு மேல் ரத்தசோகை. அதிக எடையோடு பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறும் இருந்து மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்ணுக்கு, எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே சுழற்சி ஒழுங்குபடுவது உண்டு. எடைக் குறைப்பு அவருக்கு மருந்து. ஒல்லியான பெண்ணுக்கு அதே எடைக் குறைப்பு நோய்.

இங்கேதான் பெரிய குழப்பம் நேர்கிறது. பட்டினியால் மாதவிடாய் நின்ற சில பெண்களுக்கு ஸ்கேனில் சினைப்பை நிறையச் சிறு நீர்க்கட்டிகள் போலத் தெரியும். ஸ்கேன் தாளை மட்டும் பார்த்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டி, இன்னும் எடையைக் குறை என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் நிலை என்னவாகும்? எந்த நோயால் வாடுகிறாரோ அதையே மருந்தாகக் கொடுத்தது போலாகிவிடும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை கிலோ எத்தனை மாதத்தில் குறைந்தது, எவ்வளவு உடற்பயிற்சி என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் 'பீரியட்ஸ் வர்ற மாத்திரை' கேட்டு வாங்கிப் போடுவதும் இங்கே சாதாரணமாகிவிட்டது. தடித்த சுவர் இருந்தால்தான் மாத்திரையை நிறுத்தியதும் உதிரும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் சுவரே வளராத பெண்ணுக்கு அந்த மாத்திரையால் பெரும்பாலும் எதுவும் வராது. கருத்தடை மாத்திரையால் மாதம்தோறும் ரத்தம் வரும்தான். அது மாத்திரை வரவழைப்பது. மூளையின் துடிப்பு அப்படியே மௌனமாக இருக்கும். மாதவிடாயைத் திருப்புவதற்கென்று மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம் என்றே 2017-ல் வெளியான சர்வதேச ஹார்மோன் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் சிகிச்சை உணவு, ஓய்வு, மன அமைதி.

மன அமைதியைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 1990களில் டி.என்.ஸ்ரீனிவாசன், டி.ஆர்.சுரேஷ் உள்ளிட்ட சென்னை மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களிடம் ஆய்வு செய்தபோது, நூற்றுக்கு 15 பேரளவில் உணவு, எடை பற்றிய கவலை நோய் போன்ற அளவில் இருந்தது. அலைபேசியும் ரீல்ஸும் வராத காலம் அது. ஆரியங்காவு தாண்டி அந்தப் பக்கம், கேரளத்தில், யூடியூப் பார்த்துப் பட்டினி கிடந்த கல்லூரி மாணவி ஒருவர் 2025 மார்ச்சில் உயிரிழந்தார். சாப்பிடப் பயப்படும் பெண்ணைத் திமிர் பிடித்தவள் என்று திட்டாதீர்கள். அவருக்கு மனநல உதவி வேண்டும். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

என்ன செய்யலாம்? வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது பாதுகாப்பான வேகம் என்றும், எடை குறைப்பதற்கான உணவு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. உடற்பயிற்சி செய்பவருக்கு இன்னும் அதிகம் வேண்டும் என்பதை மேலே பார்த்தோம். பிரானூர் பார்டரின் புரோட்டாவையும் பொரித்த கோழியையும் குறைக்கலாம், நல்லதுதான். சோறு, பருப்பு, எண்ணெய், முட்டை, மீன் எல்லாவற்றையும் சேர்த்து வெட்ட வேண்டாம். சடங்கான பெண்ணுக்கு உளுந்தங்களியைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதில் மந்திரம் எதுவும் இல்லை. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றும் வயிறு நிறையக் கிடைக்கின்றன. நம் பாட்டிகள் மாதவிடாயையும் உணவையும் பிரித்துப் பார்த்ததே இல்லை.

எடை எழுதும் நோட்டிலேயே மாதவிடாய் நாளையும் குறித்து வாருங்கள். வயதுவந்த பெண்ணுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்பு. தொடர்ந்து 45 நாளைத் தாண்டினாலோ, மூன்று மாதம் வராவிட்டாலோ செங்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போங்கள். கர்ப்பப் பரிசோதனைதான் முதலில் செய்வார்கள். சங்கடப்பட வேண்டாம். பிறகு தைராய்டு, புரோலாக்டின் போன்ற ரத்தப் பரிசோதனைகள். எல்லாம் சரியாக இருந்து, காரணம் பட்டினிதான் என்று தெரிந்தால் வயிறாரச் சாப்பிடத் தொடங்குங்கள். சுழற்சி திரும்ப ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம். பொறுமை வேண்டும்.

பெண் பார்க்க வரும் வீட்டாருக்கும், மருமகளின் இடுப்பை அளக்கும் மாமியார்களுக்கும், உடன் படிக்கும் தோழிகளுக்கும் ஒரு வேண்டுகோள். "கொஞ்சம் குறைச்சா நல்லாருப்பா" என்ற பேச்சை விடுங்கள். டயட்டில் இருக்கும் பெண்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எடை இறங்கி நாளும் நின்றுபோனால், அதைச் சாதனையாக எண்ண வேண்டாம். அன்றே டயட்டை நிறுத்துங்கள், அம்மாவிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

(தொடரும்)