ஆயிரம் லைக்கும் ஒரு கொட்டேஷனும்

திருவள்ளூர் மாவட்டத்துச் சிறுதொழில் நிறுவனங்களின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம், தமிழ்ப் புத்தாண்டுக்கு ஒன்று, ஆயுத பூஜைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. ஒவ்வொன்றின் மூலையிலும் கம்பெனி லோகோ, கீழே செல்போன் எண். அந்த நிறுவனம் என்ன செய்கிறது, எந்த அளவு வரை செய்யும், எத்தனை நாளில் கொடுக்கும் என்ற விவரத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். காக்களூர் சிட்கோவில் லேத் பட்டறை நடத்துகிறவருக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் மெஸ் வைத்திருப்பவருக்கும், பொன்னேரியில் பர்னிச்சர் கடை போட்டிருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே படம்தான், பெயர் மட்டும் வேறு. இப்படி ஒரு வருடம் போட்டுவிட்டு, "சோஷியல் மீடியாவால் நமக்கு ஒரு ஆர்டரும் வரவில்லை" என்று முதலாளி சொல்கிறார். அவர் சொல்வது உண்மை. அதனால் அது நமக்கு உதவாது என்று அவர் எடுக்கும் முடிவுதான் தவறு. இன்னும் அதிகமாகப் போடுங்கள், தினம் ஒரு ரீல்ஸ் போடுங்கள் என்று ஆலோசனை சொல்கிறவர்களும் அதே அளவுக்குத் தவறுகிறார்கள். பக்கம் வேடிக்கை பார்ப்பவருக்காக நடக்கிறது. வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இல்லை. குறை அங்கே இருக்கும்வரை எத்தனை படம் போட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்தப் பகுதியில் வாங்க வருகிறவர் யார் என்று முதலில் பார்ப்போம். சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், கொல்கத்தா நெடுஞ்சாலையும் கூடூர் ரயில் பாதையும் தொட்டுப்போகும் ஊர் கும்மிடிப்பூண்டி. உருக்காலைகளும் ரீ-ரோலிங் மில்களும் ரசாயன ஆலைகளும் இங்கே இருக்கின்றன. மேற்கே தேர்வாய்க் கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் டயர் ஆலை. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். தடாவை ஒட்டி 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டியில் பன்னாட்டு நிறுவனங்கள். இந்த ஆலைகளில் எங்கோ ஒரு பம்பின் ஷாஃப்ட் தேய்ந்துபோனால், கன்வேயர் ரோலர் உடைந்தால், மெயின்டனன்ஸ் இன்ஜினியர் அன்றைக்கே செய்துதரும் பட்டறையைத் தேடுவார். மெஷின் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நஷ்டம். அதே ஆலைகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்கு வேண்டியது கட்டுப்படியாகும் சாப்பாடும், வாடகை அறையும், செல்போன் ரிப்பேரும். ஞாயிற்றுக்கிழமையில் பழவேற்காட்டுக்கும் பெரியபாளையத்துக்கும் வருகிற சென்னைக்காரர்கள் இன்னொரு வகை. இவர்களில் யாரும் ஒரு பட்டறையின் பக்கத்தையோ மெஸ்ஸின் பக்கத்தையோ வருடக்கணக்கில் ஃபாலோ செய்துகொண்டு காத்திருக்கப் போவதில்லை. தேவை வந்த நிமிஷத்தில் செல்போனில் தேடுவார்கள். கிடைத்த எண்ணுக்கு அடிப்பார்கள். எடுக்கவில்லையென்றால் அடுத்த எண்.

ஆகவே முதல் வேலை இன்ஸ்டாகிராமில் இல்லை, கூகுள் மேப்பில் இருக்கிறது. 2021இல் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர் மாறிய இந்த வசதிக்குக் கட்டணம் கிடையாது. படம் போடலாம், செய்தி போடலாம், வாடிக்கையாளர் கருத்து எழுதலாம், நாம் பதில் சொல்லலாம். சமூக ஊடகம் செய்கிற வேலை பெரும்பாலும் இதிலேயே நடக்கிறது. பக்கத்திலுள்ள கடைகளை வரிசைப்படுத்தும்போது மூன்றைப் பார்ப்பதாக கூகுளே சொல்லியிருக்கிறது: தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தைக் காசு கொடுத்து மாற்ற முடியாது. ஸ்ரீசிட்டியிலிருந்து தேடுகிறவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டின் பெரிய கம்பெனியைவிட கும்மிடிப்பூண்டிப் பட்டறை பக்கம். சிறியவருக்கு இயல்பாகவே கிடைக்கும் சலுகை இது. பொருத்தம் நம் கையில் இருக்கிறது. வெறுமனே 'இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று பதிந்துவிட்டு, கீவே போடுவது, கியர் வெட்டுவது, ஷாஃப்ட் பில்டப் செய்வது என்று செய்கிற வேலைகளை எழுதாமல் விட்டால் அந்த வேலையைத் தேடுகிறவருக்கு நாம் அகப்பட மாட்டோம். ஊர்ப்பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. கும்மிடிப்பூண்டியை ஆங்கிலத்தில் மூன்று விதமாகவாவது எழுதுகிறார்கள். திருவள்ளூரைத் தட்டச்சு செய்யும்போது திருவாரூருக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. பெயர்ப்பலகையிலும் ஜிஎஸ்டி பில்லிலும் மேப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே எண், கூடவே பின்கோடு என்று ஒழுங்குபடுத்துவது ஒரு நாள் வேலைதான். அந்த ஒரு நாளை யாரும் ஒதுக்குவதில்லை என்பதுதான் ஆதங்கம்.

"எங்களுக்கு ஆர்டர் எல்லாம் பழக்கத்தில் வருவது, பர்ச்சேஸ் மேனேஜர் ஃபேஸ்புக் பார்த்தா ஆர்டர் கொடுப்பார்?" என்று ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆர்டர் பழக்கத்தில்தான் வருகிறது, இனியும் அப்படித்தான் வரும். ஆனால் பழக்கமானவர் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார், ஓய்வு பெறுகிறார். அவர் இன்னொருவரிடம் நம் பெயரைச் சொல்லும்போது, கேட்டவர் முதலில் செய்வது போனை எடுத்துத் தேடுவது. பழைய தீபாவளி வாழ்த்து மட்டும் கிடைத்தால், சொன்னவரின் வார்த்தைக்கு இருந்த கனம் குறைகிறது. பட்டறையும் மெஷினும் முடித்த வேலையும் கண்ணில் பட்டால் அந்த வார்த்தை உறுதிப்படுகிறது. ஆகவே பழக்கமா, செல்போனா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. பழக்கம் கொண்டுவந்து விடும் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பாமல் இருப்பதற்குத்தான் பக்கம் வேண்டும்.

என்ன காட்டுவது? நாற்பது வினாடி வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். லேத்தில் ஷாஃப்ட் சுற்றுகிறது, டூல் கடைசி கட் எடுக்கிறது, சுருள் சுருளாகப் பிசிறு விழுகிறது. மெஷின் நின்றதும் ஆபரேட்டர் துணியால் துடைத்துவிட்டு மைக்ரோமீட்டரை வைத்து அளவைக் காட்டுகிறார். பின்னணிப் பாட்டு வேண்டாம், மெஷின் சத்தமே போதும். கீழே நான்கு வரி: என்ன மெட்டீரியல், அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் விட்டம், எத்தனை நீளம், அவசர வேலை என்றால் எவ்வளவு நேரம். இதைப் பார்க்கிற ஆயிரம் பேரில் தொள்ளாயிரத்து எண்பது பேருக்கு ஒன்றும் புரியாது. புரிகிற இருபது பேர் மெயின்டனன்ஸ் ஆட்களாக இருந்தால் அது வெற்றி. வாடிக்கையாளரின் டிராயிங்கையும் பார்ட்டையும் வெளியே காட்டக்கூடாது என்று பல கம்பெனிகள் எழுதி வாங்குகின்றன. அதை மீறினால் இருக்கிற ஆர்டரும் போய்விடும் என்ற அச்சம் சரியானது. அதற்காகக் கதவை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. சொந்தமாக ஒரு சாம்பிள் பீஸ் செய்து காட்டலாம். மெஷினின் பெட் நீளத்தையும், அளவுக் கருவிகளின் கேலிபரேஷன் சான்றையும் காட்டலாம். உத்யம் பதிவு எண்ணையும் ஜிஎஸ்டி எண்ணையும் போடலாம். முன்பின் தெரியாத சப்ளையரை விசாரிக்கும் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் இவற்றைத்தான் முதலில் கேட்கிறது.

வைரல் ஆனவர்களைக் காட்டி எதிர்வாதம் செய்பவர்கள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியதே, நாமும் ஏன் முடியாது என்கிறார்கள். அவர்கள் உழைப்பு மரியாதைக்குரியது. ஆனால் அவர்கள் விற்பது வீடியோவையே. எத்தனை பேர் பார்க்கிறார்களோ அத்தனை வருமானம். கும்மிடிப்பூண்டி மெஸ்ஸின் வருமானம் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பொறுத்தது. மதுரையில் ஒரு லட்சம் பேர் ரீல்ஸைப் பார்த்தாலும் இங்கே ஒரு இலை கூடுதலாக விழாது. அதோடு, ஃபாலோயர் எண்ணிக்கை நமக்குச் சொந்தமானதும் இல்லை. ஒரு பக்கத்தின் பதிவு அதன் ஃபாலோயர்களில் சராசரியாக 16 சதவீதம் பேரைத்தான் சென்றடைகிறது என்று 2012இலேயே ஃபேஸ்புக் சொன்னது. 2018 ஜனவரியில், வியாபாரப் பக்கங்களைவிட நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று மாற்றிக்கொண்டது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, அதில் லட்சக்கணக்கில் ஃபாலோயர் சேர்த்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. வாடகை இடத்தில் கடை வைப்பது தவறில்லை. ஆனால் பெட்டியிலுள்ள கணக்கு நோட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடாது.

அந்தக் கணக்கு நோட்டு என்பது வாடிக்கையாளர் பட்டியல்: பெயர், எண், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார். அதைத் தனியே எழுதி வைத்துக்கொண்டால் எந்தச் செயலி மூடினாலும் தொழில் நிற்காது. 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் இதற்கு நல்ல துணை. சாதாரண வாட்ஸ்அப்பிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மாறிப் பார்க்கலாம். விலைப்பட்டியலை கேட்லாக்காக வைக்கலாம். என்கொயரி வந்தது, கொட்டேஷன் அனுப்பியது, பணம் பாக்கி என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் போடலாம். இரவு பத்து மணிக்குக் கேட்டவருக்கு 'காலை எட்டு மணிக்கு அழைக்கிறோம்' என்று தானாகப் பதில் போகும்படி செய்யலாம். பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச்சேரும். சிறு கடைக்காரர் மனதில் வைக்க வேண்டிய விவரம் இது. எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய பத்தாயிரம் எண்களைவிட, பில் போடும்போது "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க அண்ணா" என்று கேட்டுச் சேர்த்த நூறு எண்கள் பயன் தருவது இதனால்தான். விலைக்கு வாங்கிய எண்களுக்கு அனுப்பினால் பலர் புகார் செய்வார்கள், நம் கணக்கே முடக்கப்படும். மெஸ்காரர் காலை பதினொரு மணிக்கு அன்றைய சாப்பாட்டையும் விலையையும் தமிழில் ஒரு வரி, இந்தியில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி என்று ஸ்டேட்டஸில் போட்டால் போதும். அவருக்கு இன்ஸ்டாகிராம் வேண்டியதே இல்லை.

பணம் கொடுத்து விளம்பரம் செய்வதைப் பற்றி இரண்டு வார்த்தை. 'பூஸ்ட்' பொத்தானை அப்படியே அமுக்கினால் லைக் போடுகிறவர்களுக்கே விளம்பரம் போய்ச்சேர வாய்ப்பு அதிகம். ஆட்ஸ் மேனேஜரில் போய், வாட்ஸ்அப்பில் செய்தி வரவேண்டும் என்பதை நோக்கமாக வைத்து, கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் என்று எல்லை போட்டால் அதே பணம் உள்ளூரில் வேலை செய்யும். விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. கணக்கில் நம் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துவைத்தால், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் இன்புட் கிரெடிட் எடுக்கலாம். ஏஜென்சியிடமோ தெரிந்த பையனிடமோ கொடுப்பதிலும் தப்பில்லை. பக்கத்தின் அட்மின் உரிமையும் மேப் கணக்கின் பாஸ்வேர்டும் முதலாளியின் பெயரிலும் எண்ணிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பையன் வேறு வேலைக்குப் போனதும் பக்கமும் கூடவே போய்விட்டது என்கிற நிலை வரக்கூடாது. காசு கொடுத்து நட்சத்திரமும் கருத்தும் வாங்குவது வேண்டவே வேண்டாம். கூகுள் விதிப்படி அது குற்றம், கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். ஆன்லைன் கருத்துகளுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனமே 2022இல் ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது. வேலையை முடித்து வாங்கிக்கொண்ட வாடிக்கையாளரிடம் நேராகக் கேட்டால் பலர் எழுதுவார்கள். குறை எழுதியவருக்குக் கோபமில்லாமல் சொல்கிற பதிலை, அதற்குப் பின் வருகிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள்.

நேரமில்லை என்பதுதான் எல்லோரும் கடைசியாகச் சொல்வது. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையில் முதலாளியே ஆபரேட்டர், டிரைவர், கணக்குப்பிள்ளை எல்லாம். அவரிடம் தினம் ஒரு பதிவு கேட்பது அநியாயம். வாரம் ஒரு வீடியோ, வந்த கேள்விக்கு அன்றைக்கே பதில், இது போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பதிலை வைத்துக்கொண்டு வீடியோவை விடலாம். பழவேற்காட்டில் பனையோலைக் கூடை பின்னும் பெண்களுக்கு வேறு விதமான கவலை உண்டு. கூடை கையால் பின்னுவது. ஒரு பதிவு பரவி ஐந்நூறு கூடைக்கு ஆர்டர் வந்தால் ஓலை பதப்படுத்தி, சாயம் ஏற்றி, பின்னி முடிக்க மாதக் கணக்காகும். தாமதமானால் கெட்ட பெயர்தான் பரவும். மாதம் எத்தனை கூடை முடியும், முன்பதிவுக்கு எத்தனை நாள் என்று பதிவிலேயே எழுதிவிடுவது அவர்களைக் காப்பாற்றும். கைவேலைக்கு அது குறையும் அல்ல, வாங்குகிறவர் புரிந்துகொள்வார்.

பலன் வருகிறதா என்பதை அறியப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பில் புத்தகத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, "எங்களை எப்படித் தெரிஞ்சுது?" என்று ஒவ்வொரு புது ஆளிடமும் கேட்டு எழுதலாம். மூன்று மாதத்தில் மேப், வாட்ஸ்அப், பழக்கம் ஆகியவற்றில் எது எவ்வளவு கொண்டுவருகிறது என்பது தெரிந்துவிடும். எதையும் கொண்டுவராததை நிறுத்திவிடலாம். தனியொருவரால் முடியாத ஒரு வேலையும் இதில் இருக்கிறது. சிட்கோ, சிப்காட் எஸ்டேட்டுகளில் முகவரி என்பது பிளாட் எண்ணும் ஷெட் எண்ணும்தான். மேப்பில் புள்ளி இரண்டு தெரு தள்ளி விழுந்தால் சரக்கு ஏற்ற வந்த லாரி சுற்றிக்கொண்டே இருக்கும். மாவட்டத் தொழில் மையமும் எஸ்டேட் சங்கங்களும் நடத்தும் பயிற்சி வகுப்புகளில் போஸ்டர் செய்யக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பாக, காக்களூரிலும் திருமழிசையிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள ஒவ்வொரு ஷெட்டையும் சரியான இடத்தில், சரியான வேலைப் பெயரோடு, முதலாளியின் சொந்தக் கணக்கில் மேப்பில் ஏற்றித்தர ஒரு முகாம் நடத்தலாம். எஸ்டேட்டுக்கு இரண்டு படித்த பிள்ளைகளும் ஒரு வாரமும் போதும்.