டைல்ஸ் மூடுவதற்கு முன் சுவரைப் பாருங்கள்

டைல்ஸ் கடையில் கலர் பார்க்க அரை நாள் செலவழிக்கிறோம். அது ஒட்டப்போகும் பாத்ரூம் சுவரை யாரும் நின்று பார்ப்பதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் ஒரு வரிசை கழன்று விழுந்தால் மேஸ்திரி கம்பெனியைக் கை காட்டுவார், கடைக்காரர் மேஸ்திரியைக் கை காட்டுவார். உள்ளே என்ன செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் டைல்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும்.

பழைய சுவரென்றால் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அதை உடைத்தெடுத்துத் திரும்பப் பூச வேண்டும். பெயின்ட், பட்டி, சுண்ணாம்பு எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. அதன்மேல் ஒட்டினால் டைல்ஸ் பிடித்திருப்பது பெயின்டைத்தான், சுவரையல்ல. வழவழப்பான கான்கிரீட் தூணையும் பீமையும் கொத்திவிட வேண்டும். புதுப் பூச்சென்றால் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். "நாளைக்கே ஒட்டிடலாம் சார்" என்பவருக்குத் தலையாட்டாதீர்கள்.

அதிகம் ஏமாறுவது விட்ரிஃபைட் டைல்ஸில். சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும். அதனால் பால் சிமெண்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் அநேகமாக உறிஞ்சவே உறிஞ்சாது. அதற்கு டைல்ஸ் பசைதான் வேண்டும், மூட்டையில் ஐ.எஸ். 15477 என்று இருக்கிறதா பாருங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அமுக்கினால் உள்ளே வெற்றிடம் நிற்கும். பல் கரண்டியால் முழுக்கப் பரப்பச் சொல்லுங்கள்.

பைப்புக்குக் காடி வெட்டியதும் அவசரப்பட்டு மூடக் கூடாது. முனைகளை அடைத்து பம்ப் போட்டு பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று நீங்களே பாருங்கள். ஷவர் பக்கச் சுவரில் ஆறடி உயரத்துக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட் அடித்து, தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது நல்லது. ஹீட்டர் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதை டேப் வைத்து அளந்து போட்டோ எடுங்கள். பின்னால் ஸ்டாண்ட் மாட்ட வருபவர் டிரில் போடும்போது உயிர் விஷயம் அது.

சுவர், பசை, வாட்டர்ப்ரூஃப் என்று ஒவ்வொரு கட்டத்தையும் இப்படியே போட்டோ எடுத்து வையுங்கள். இந்த போட்டோக்கள்தான் உங்கள் கேஸ். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலை எடுத்த கான்ட்ராக்டரின் வேலை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை. தினக்கூலிக்கு நீங்களே ஆள் வைத்து வேலை வாங்கியிருந்தால் பிடி தளர்வு. தனிப்பட்ட பணி ஒப்பந்தங்களை அந்தச் சட்டம் சேர்ப்பதில்லை. ஆகவே சுவர்த் தயாரிப்பு, பசை, வாட்டர்ப்ரூஃப் எல்லாம் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும்.

கழன்றால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு.

பில்டரிடம் வாங்கிய புது ஃபிளாட்டுக்கு வழி வேறு. ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவான திட்டமாக இருந்தால், சாவி வாங்கிய ஐந்து வருடத்துக்குள் வேலைத்தரக் குறையைச் சுட்டிக்காட்டினால் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டியது பில்டர் பொறுப்பு. எந்த வழியில் போனாலும், கழன்ற டைல்ஸை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். பின்பக்கம் பசை ஒட்டியிருக்கிறதா, மொட்டையாக இருக்கிறதா என்பதை ஆணையத்தில் காட்ட ஒன்றிரண்டாவது வேண்டும்.