பழைய சலவை யந்திரத்தைச் சீர்ப்படுத்தல்

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் நாட்டு முதுமொழி. அதனைச் சொல்லுதல் யார்க்கும் எளிது; கசக்குதல் எளிதன்று. ஒரு குடும்பத்தின் துணிகளையெல்லாம் ஆண்டாண்டாய்க் கசக்கிய கைகள் முதுமையில் எந்நிலையை அடைகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வெண்ணம் எனக்கு உண்டானது, சென்ற கோடை விடுமுறையில் இரும்பையில் வாழும் என் அத்தையாரின் இல்லத்திலே தங்கியிருந்தபோதுதான்.

இரும்பை, திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பெருவழியினின்று சிறிது உள்ளடங்கிய சிற்றூர், செம்மண் பூமி. கடலும் தொலைவிலன்று. சம்பந்தர் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயில் அங்குள்ளது. பிளவுண்ட இலிங்கத்தை அகற்றிவிடாது, செப்புத் தகட்டாற் பிணைத்துப் போற்றிவருகின்ற கோயில் அது. அவ்வூரில் அத்தையார் வீட்டுப் பின்கட்டில், சாக்குப் போர்த்திய ஒரு சலவை யந்திரம் ஐந்தாண்டுகளாய் உறங்கிக்கொண்டிருந்தது. முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடைய அதனை, ‘மோட்டார் எரிந்துபோயிற்று’ என்று யாரோ ஒருவர் சொல்லிப்போன சொல்லை நம்பி மூலையிலிட்டிருந்தனர். நான் சென்ற அன்று, பழைய இரும்பு வாங்குபவர் வாயிலில் தராசோடு நின்றிருந்தார். அத்தையாரோ கிணற்றடியில், வீங்கிய மூட்டுக்களையுடைய விரல்களால் போர்வையொன்றைப் பிழிந்துகொண்டிருந்தார். தராசுக்காரரை ஒரு வாரம் பொறுத்து வரச்சொன்னேன். அந்த ஒரு வாரம் பதினேழு நாட்களாயிற்று. அந்நாட்களிற் கற்றவற்றை நம் கல்லூரி மாணாக்கர்க்குப் பயன்படுமென்று கருதி இங்கே எழுதலானேன்.

முதலில், சலவை என்பது யாதென அறிதல் வேண்டும். அழுக்குத் துணியைவிட்டு நீங்குதற்கு மூன்று துணைகள் உண்டு: காரப்பொருள், வெப்பம், அலைப்பு. நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர் இம்மூன்றையும் நன்கறிந்திருந்தனர். காரத்துக்கு உவர்மண், வெப்பத்துக்கு வெள்ளாவி, அலைப்புக்குத் துறையிலுள்ள கல். உவர்மண் கரைத்த நீரில் நனைத்த துணிகளைப் பானைகளின்மேல் அடுக்கி, இரவு முழுதும் நீராவியில் வேகவைத்து, விடியலில் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசினார்கள். அவ்வுழைப்புக்கு ஊரார் கொடுத்த கூலியும் குறைவு, மதிப்பும் குறைவு. யந்திரம் மேற்கொண்டது இம்மூன்றனுள் பெரும்பாலும் அலைப்பை மட்டுமேயாம். ஆயினும் உடலை மிகுதியாய் வருத்துவது அதுவே.

இம்முயற்சி புதியதன்று. 1760-களில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்திலிருந்த ஷேபர் என்னும் போதகர், கையாற் சுழற்றும் சலவை யந்திரமொன்றைப் பற்றிப் படத்தோடு நூல் வெளியிட்டார். 1910-இல் ஆல்வா பிஷர் என்பவர் மின்மோட்டார் பூண்ட யந்திரத்துக்கு அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றார். 1922-இல் மேடாக் நிறுவனம், தொட்டியின் அடியிலிருந்து நீரைக் கலக்கும் அமைப்பை வெளிக்கொணர்ந்தது. இக்கலை நம் பக்கத்துக்கும் அந்நியமன்று. 1980-களின் இறுதியில் வேர்ல்பூல் நிறுவனம் டி.வி.எஸ். குழுமத்தோடு கூடி இந்தியாவுக்குள் நுழைந்தபோது, சலவை யந்திரத் தொழிற்சாலையை நிறுவியது புதுச்சேரியிலேதான். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையிலுள்ள திருபுவனையே அவ்விடம்.

இனி, இரு தொட்டி யந்திரத்தின் அமைப்பைக் காண்போம். ஒரு தொட்டி துவைப்பதற்கு, மற்றொன்று பிழிவதற்கு. துவைக்கும் தொட்டியின் அடியில் ஒரு சுழல்தட்டு உண்டு. மோட்டாரின் விசை பெல்ட்டின் வழியாய் அதனை அடைகிறது. கடிகாரத்தைப்போல முடுக்கிவிடப்படும் டைமர், தட்டினைச் சில நொடிகள் வலமாகவும், சிறிது ஓய்வுக்குப்பின் இடமாகவும் சுழலச் செய்கிறது. இவ்வாறு மாறி மாறிச் சுழலாவிடில் துணிகள் முறுக்கிக் கயிறாய்விடும். பிழியும் தொட்டிக்குள் துளைகள் நிறைந்த ஒரு கூடை. அதன் அடியில் தனி மோட்டார். கூடை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,350 முறை சுழல்வதாகவும், அதன் ஆரம் 11 சென்டிமீட்டர் என்றும் கொண்டு பௌதிக மாணாக்கர் கணக்கிட்டுப் பார்க்கலாம். விளிம்பிலுள்ள ஈரத்துணியை வெளித்தள்ளும் விசை, புவியீர்ப்பைப்போல் இருநூறு மடங்குக்கும் மேலாகும். எந்த மனிதக் கையும் அவ்வளவு பிழிய இயலாது. இவ்வெண்ணை மனத்தில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

பழைய யந்திரத்தைக் கண்டவுடன் மின்சாரத்தில் மாட்டிப் பார்க்க வேண்டுமென்னும் ஆசை எவர்க்கும் எழும். அவ்வாசையை அடக்குதலே முதற்பாடம். நெடுங்காலம் உறங்கிய யந்திரத்துள் என்ன நேர்ந்திருக்கும் என்பது வெளியே தெரியாது. பின்புறத் தகட்டைக் கழற்றியபோது, எலிகள் கூடு கட்டியிருந்ததையும், இரண்டு வயர்களின் மேலுறையைக் கடித்துச் செம்புக் கம்பியை வெளிப்படுத்தியிருந்ததையும் கண்டேன். அன்று பொறுமையிழந்து மாட்டியிருந்தால் தகட்டுடம்பு முழுவதும் மின்சாரம் பாய்ந்திருக்கும்.

ஆகவே முதல் மூன்று நாட்களும் துடைத்தலிலும் பார்த்தலிலும் கழிந்தன. எந்த வயர் எங்கே சேர்கிறதென்று தாளில் வரைந்துகொண்டேன். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும், கழற்றிய வரிசையிலேயே ஒரு முறத்தில் அடுக்கினேன். கடற்காற்றின் உப்பால் அடித்தகடு துருவேறியிருந்தது. அதனைத் தேய்த்துத் துருத்தடுப்பு வண்ணம் பூசினேன். தொட்டியிற் படிந்திருந்த கிணற்று நீரின் சுண்ணக் கறையை, சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீர் அகற்றியது.

பின்னர்ச் சுழலும் உறுப்புக்களைக் கையாற் சுழற்றிப் பார்த்தேன். கையால் எளிதிற் சுழல்வதைத்தான் மோட்டாராலும் சுழற்ற இயலும். பிழியும் கூடை இடறலின்றிச் சுழன்றது. துவைக்கும் தட்டு சிறிதும் அசையவில்லை. தட்டினைக் கழற்றியபோது, அதன் கீழே மூன்று சட்டைப் பொத்தான்களும், ஒரு ஊக்கும், நூற்பந்தும், இறுகிய சவுக்காரமும் கிடந்தன. அவற்றை நீக்கியவுடன் தட்டு விடுதலை பெற்றது.

அடுத்தது, ‘எரிந்துபோன’ மோட்டார். பிழியும் மோட்டார் உறுமியதேயன்றிச் சுழலவில்லை என்பதே அதன்மேற் சாட்டிய குற்றம். இதன் காரணத்தைச் சிறிது விளக்கவேண்டும். வீட்டு மின்சாரம் ஒரு கட்டத்தது. அது ஒரே கம்பிச்சுற்றிற் பாயும்போது காந்தவிசை ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாய்த் துடிக்குமேயன்றிச் சுழலாது. திரிகையின் கைப்பிடியை நடு முளைக்கு நேராகவே இழுப்பதும் தள்ளுவதுமாய் இருந்தால் கல் சுழலுமோ? பக்கவாட்டிலும் ஒரு தள்ளு வேண்டும். அப்பக்கத் தள்ளினைத் தருவதற்கே இரண்டாவது சுற்றொன்றும், அதனிற் பாயும் மின்சாரத்தை முந்தச் செய்யும் கண்டென்சர் என்னும் மின்தேக்கியும் அமைக்கப்பட்டுள்ளன. மின்தேக்கி கெட்டால் மோட்டார் உறுமும், சூடேறும், சுழலாது. அறியாதார் அதனை எரிந்ததென்பர்.

மின்தேக்கியைத் தொடுமுன் அதிற் சேமிப்பாயிருக்கக்கூடிய மின்சாரத்தைத் தடையொன்றின் வழியே வெளியேற்றிவிட வேண்டும். பின்னர் மீட்டரால் அளந்தேன். அதன்மேல் அச்சிட்டிருந்த அளவிற் காற்பங்குகூட எஞ்சியிருக்கவில்லை. மோட்டாரின் சுற்றுக்களோ இரண்டும் அறுபடாதிருந்தன. எனினும் அது போதாது. சுற்றுக்கும் இரும்புடம்புக்கும் இடையே கசிவில்லை என்பதும் தெரியவேண்டும். மோட்டாரை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, திண்டிவனத்தில் மோட்டார் சுற்றும் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் ஐந்நூறு வோல்ட் மெக்கர் கருவியால் சோதித்து, ‘தம்பி, இந்த மோட்டாருக்கு ஒன்றுமில்லை’ என்றார். அதே அளவும் அதே வோல்டும் உடைய புதிய மின்தேக்கியின் விலை, ஒரு சாதாரண வேட்டியின் விலையிலும் குறைவு. அச்சிறு பொருளுக்காக ஒரு முதியவள் ஐந்தாண்டுகள் கையாற் பிழிந்திருக்கிறாள் என்பதை எண்ணியபோது என் மனம் வருந்திற்று.

மூன்றாவது, ரப்பர். உலோகம் முப்பதாண்டு பொறுக்கும்; ரப்பர் பொறாது. பெல்ட் வெடித்திருந்தது, நீர் வெளியேறும் குழாய் இறுகியிருந்தது, பிழியும் கூடையின் அச்சைச் சுற்றி நீரைத் தடுக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது. மூன்றனுள் இவ்வுறையே முக்கியமானது. இது கிழிந்தால் சவுக்கார நீர் நேரே கீழுள்ள மோட்டாரின்மேல் ஒழுகும். பழையவற்றைக் கையிற் கொண்டுபோய் அளவொத்தவற்றை வாங்கி மாற்றினேன். அதன்பின் மின்சாரம் கொடாமலே நீர் நிரப்பி ஓர் இரவு முழுதும் வைத்து, அடியில் விரித்த தாள் நனைகிறதா என்று பார்த்தேன். முதலிரவு நனைந்தது. குழாயின் பிடிவளையத்தை இறுக்கிய பின், இரண்டாமிரவு நனையவில்லை.

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றினும் முக்கியமானது. பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்தால் இரண்டு செயல்கள் நிகழவேண்டும்: ஒரு ஸ்விட்ச் மின்சாரத்தை அறுக்கவேண்டும், ஒரு பிரேக் கூடையைப் பற்றி நிறுத்தவேண்டும். எம் யந்திரத்தில் அந்த ஸ்விட்சின் இரு வயர்களையும் முன்னொரு காலத்திற் பழுது பார்த்தவர் நேரே முறுக்கி இணைத்திருந்தார். ஸ்விட்ச் கெட்டபோது புதிதிடுவதினும் அது அவருக்கு எளிதாயிருந்தது போலும். பிரேக் கம்பியும் அறுந்திருந்தது. ஆகவே மூடியைத் திறந்தபின்னும் கூடை முழுவேகத்திற் சுழலும். மேலே கணக்கிட்ட இருநூறு மடங்கு விசையை இங்கே நினைவு கூர்க. சுழலும் கூடைக்குள் ஈரப்புடைவையின் ஒரு முனை இருக்க, மறுமுனை ஒரு குழந்தையின் கையிற் சுற்றிக்கொள்ளுமாயின் நேர்வது யாது?

அத்தையார் அவ்வாறே விட்டுவிடும்படி சொன்னார். ‘மூடியைத் தெறந்து பாத்துக்கிட்டே புழியறதுதான் எனக்குப் பழக்கம், அதை மாத்தாதே’ என்பது அவர் கட்டளை. அவர் மூத்தவர், யந்திரமும் அவருடையது. ஆயினும் இவ்வொன்றில் யான் இணங்கவில்லை. யந்திரத்தை ஓடவைத்தல் வேறு, சீர்ப்படுத்தல் வேறு. செய்தவன் எக்காவலோடு அதனை அமைத்தானோ அக்காவலையும் மீட்டாலன்றி அது சீர்ப்பட்டதாகாது. புதிய ஸ்விட்சும் பிரேக் கம்பியும் இட்டேன். அத்தையார் ஒரு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியாக மின்னிணைப்பு. எலி கடித்த வயர்களை மாற்றி, மூன்று கம்பியுடைய புதிய வயரிட்டு, எர்த் கம்பியைத் தகட்டுடம்பிற் திருகினேன். வீட்டின் எர்த் குழி வறண்டு கிடந்தது. ஒரு மின்தொழிலாளியைக் கொண்டு அதனைப் புதுப்பித்து, முப்பது மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை அறுக்கும் காவற் கருவியையும் அமைத்தோம். நீரும் மின்சாரமும் கூடுமிடத்தில் இதிற் சிக்கனம் பார்த்தல் தகாது. முதலோட்டத்துக்கு நேரே இணைக்காமல், பழைய இழைப் பல்பு ஒன்றை வரிசையில் இட்டுச் சோதித்தார் அத்தொழிலாளி. உள்ளே குறுக்குப் பாய்ச்சல் இருந்தால் பல்பு முழுதாய் ஒளிரும். யந்திரத்துக்குக் கேடு நேராது. பல்பு மங்கலாகவே எரிந்தது. பின்னர் நேரே இணைத்தோம். தட்டு வலமாய்ச் சுழன்று, நின்று, இடமாய்ச் சுழன்றது.

எல்லாப் பழைய யந்திரங்களையும் இவ்வாறு மீட்கலாமென்று எண்ணற்க. தொட்டியே விண்டிருந்தாலும், அடிச்சட்டம் துருவால் அரிக்கப்பட்டு விழுந்தாலும், இன்றியமையாத உறுப்புக்கு ஈடு கிடையாதிருந்தாலும், அதனைத் தராசுக்காரரிடம் கொடுத்தலே அறிவுடைமை. ஆனால் அம்முடிவு சோதனைக்குப்பின் வரவேண்டுமேயன்றி, யாரோ சொன்ன ஒரு சொல்லின்மேல் வரலாகாது. எம் யந்திரத்திற் கெட்டிருந்தவையெல்லாம் சிறியவை: பொத்தான், ரப்பர், ஒரு மின்தேக்கி, ஒரு ஸ்விட்ச். பெரிதென்று பழி சுமந்த மோட்டார் குற்றமற்றது. மனிதரைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்லும்போதும் இதனை நினைவில் வைத்தல் நன்று.

விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய சில வாரங்களில் அத்தையாரின் தொலைபேசி வந்தது. அண்டை வீட்டுக் குழந்தை ஓடிவந்து, பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்து கையை விட்டதாம். அதற்குள் கூடை நின்றுவிட்டதாம். சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்துவிட்டு, ‘நீ செஞ்சதுதான் சரிப்பா’ என்றார்.