மூடியை இறுக்காதீர்கள்... மீன் அமில டிரம்முக்கும் மூச்சு விட வழி வேண்டும்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாடித்தோட்டம் வைத்திருக்கும் பல வீடுகளில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மீன் அமிலக் கேன் இருக்கிறது. திருநின்றவூரைத் தாண்டி நிலம் வைத்திருப்பவர்கள் 200 லிட்டர் டிரம்மிலேயே தயாரிக்கிறார்கள். செய்முறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, காற்றுப் புகாத மூடி, 3 வாரக் காத்திருப்பு, அவ்வளவுதான். சிக்கலெல்லாம் பாத்திரத்தில்தான். ‘கேன் பலூன் மாதிரி உப்பிவிட்டது’, ‘திறந்ததும் முகத்தில் பீய்ச்சி அடித்தது’, ‘குழாய் அடைத்துக்கொண்டது’ என்று கோடை தொடங்கியதும் கேள்விகள் வர ஆரம்பிக்கின்றன.

‘காற்றுப் புகக் கூடாது’ என்பதைப் பலரும் ‘உள்ளிருக்கும் காற்று வெளியேறவும் கூடாது’ என்று எடுத்துக்கொள்வதுதான் கோளாறு. வெல்லத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. ஒரு கிலோ வெல்லம் முழுமையாக நொதித்தால் 200 லிட்டருக்கும் மேல் வாயு உண்டாகும். 5 லிட்டர் கேனுக்குள் அது எப்படி அடங்கும்? மொட்டை மாடி வெயிலில் வைத்தால் நொதித்தல் இன்னும் வேகமெடுக்கும். பிளாஸ்டிக் கேன் உப்பியாவது எச்சரிக்கும். ஊறுகாய் ஜாடி, கண்ணாடி பாட்டில் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் சிதறும். கண்ணாடியில் இந்த வேலையே வேண்டாம்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. (தமிழ்நாட்டில் அதற்கு 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இடம் தராது. அவர்களின் மூடியை மட்டும் நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.) மூடியில் சிறு துளை போட்டு, மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் ஏர் டியூபைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடைக்க வேண்டும். டியூபின் மறுமுனை, தண்ணீர் உள்ள ஒரு பாட்டிலுக்குள் 2 அங்குலம் மூழ்கியிருக்கட்டும். பாட்டிலின் வாயை மூடக் கூடாது. வாயு குமிழியிட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது, ஈயும் அண்டாது. துர்நாற்றமும் குறைவதால் பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டை மிச்சம்.

இதிலும் இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. ஒன்று, கேனைக் கழுத்து வரை நிரப்புவது. வெல்ல நுரை பொங்கி டியூபை அடைத்துவிட்டால், இறுக்கி மூடிய கேனுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். டியூபின் உள்முனை மூடியை ஒட்டியே நிற்கட்டும். மற்றொன்று, தண்ணீர் பாட்டிலை உயரத்தில் வைப்பது. இரவில் கேன் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பாட்டில் நீரை உறிஞ்சும். பாட்டில் தாழ்வாக, கொஞ்சம் நீருடன் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஏற்கெனவே உப்பிவிட்ட கேனை என்ன செய்வது? ஆட்டாதீர்கள். நிழலுக்கு நகர்த்தி, நனைத்த சாக்கை மேலே போர்த்துங்கள். கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் தளர்த்துங்கள். ‘உஸ்’ சத்தம் அடங்கிய பிறகு அடுத்த கால் திருகு. குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சின்ன அறிகுறிதானே என்று விட்டதன் விலை லண்டனுக்குத் தெரியும். 1814 அக்டோபர் 17 அன்று, அங்குள்ள மதுபான ஆலை ஒன்றில் பெரிய மரத்தொட்டியின் இரும்பு வளையம் கழன்றது. வழக்கமாக நடப்பதுதான் என்று விட்டுவிட்டார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் தொட்டி உடைந்து, பீர் வெள்ளம் பக்கத்து வீடுகளுக்குள் பாய்ந்து 8 பேர் இறந்தார்கள்.

பஞ்சகவ்யாவுக்கு விதி நேரெதிர். அகலமான வாய், வலை அல்லது துணி மூடி, தினமும் கலக்கல். உலோகப் பாத்திரம் ஆகவே ஆகாது. குழாயும் பித்தளையில் வேண்டாம்; அமிலத்தில் பச்சை பிடித்துவிடும். பி.வி.சி. பால் வால்வு போதும். அதை அடிமட்டத்தில் பொருத்தினால் கசடு அடைக்கும் என்பதால் 4 அங்குலம் மேலே பொருத்துங்கள்.

தொழிற்பேட்டைகள் சூழ்ந்த பகுதி என்பதால் பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கும். முன்பு அதில் என்ன இருந்தது என்று விற்பவர் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். ரசாயனம் இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது.

நிலத்தடித் தொட்டியில் கரைசல் தயாரிப்பவர்கள் கவனிக்க: கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். சுத்தம் செய்யவோ, விழுந்த வாளியை எடுக்கவோ யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மயங்கி விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து உயிரிழக்கும் இடம் அது. வெளியில் நின்றபடியே நீண்ட கழியால், மோட்டாரால் வேலையை முடியுங்கள்.

‘மூடி பறந்து 2 நாள் திறந்து கிடந்த மீன் அமிலத்தைத் தெளிக்கலாமா?’ என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. மூக்குதான் அளவுகோல். பழ வாசனையோடு புளிப்பு இருந்தால், கொஞ்சம் வெல்லம் சேர்த்து மூடித் தொடரலாம். முடிந்ததும் பழைய வேட்டியில் வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வீதம் கலந்து தெளிக்கலாம், நாசில் அடைக்காது. அழுகிய நாற்றம் அடித்தாலோ, புழு நெளிந்தாலோ, செடிக்குக் கொடுக்காமல் உரக்குழியில் ஊற்றி மண் போட்டு மூடிவிடுங்கள்.