கற்றவரும் வழி தவறுவதேன்?

மதத்தின் பெயரால் கொலை செய்வோர் கல்லாதவரே என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஜப்பானில் நிகழ்ந்த கொடுமை. 1995 மார்ச் 20 அன்று, டோக்கியோ நகரின் சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ என்னும் கூட்டத்தார் சாரின் என்ற நஞ்சைப் பரப்பினர். 14 உயிர்கள் மாண்டன, ஆயிரக்கணக்கானோர் துன்புற்றனர்.

நஞ்சைப் பரப்பியவருள் ஒரு மருத்துவரும், இயற்பியல் பயின்றவரும் இருந்தனர். வாழ்வுக்குப் பொருள் தேடிய ஏக்கமே அவர்களை ஈர்த்தது. உலகம் அழியும், குருவே காப்பார் என்ற சொல்லுக்குத் தம் அறிவை அடகு வைத்தனர்.

ஜப்பான் குற்றவாளிகளைப் பொது நீதிமன்றங்களில் விசாரித்துத் தண்டித்தது. கூட்டம் பெற்றிருந்த சமய நிறுவனத் தகுதியை நீக்கியது. ஆயினும் 1997-இல் அதனை முற்றிலும் தடைசெய்யாது, 1999-இல் கண்காணிப்புச் சட்டம் இயற்றியது. செயலைத் தண்டிப்பது வேறு, நம்பிக்கையைத் தண்டிப்பது வேறு என்பதை நாடுகள் மறத்தலாகாது. நீங்களோ, வினவும் உரிமையை எக்குருவிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்.