கோதாவிலிருந்து வால் ஸ்ட்ரீட்

மல்யுத்தத்தில் தங்கம், வங்கித் தொழிலில் உச்சம், பங்கு விவகாரத்தில் சறுக்கல்

ஸ்டீபன் ஃபிரைட்மனுக்கு இரண்டு களங்கள். ஒன்றில் எதிரியின் தோள்கள் தரையைத் தொட வேண்டும். மற்றதில் கோடிகள் கைமாற வேண்டும். இரண்டிலும் அவர் முதல் வரிசை.

1937-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழக மாணவராக, 1959-ல் கிழக்கு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான மல்யுத்த சாம்பியன். சட்டக் கல்லூரிக்குப் போன பிறகும் பயிற்சியை விடவில்லை. 1961 அவருக்குப் பொன்னான ஆண்டு: அமெச்சூர் தேசியப் பட்டம் கிடைத்தது, இஸ்ரேலில் நடந்த மக்காபியா போட்டியில் தங்கமும் சேர்ந்துகொண்டது.

சில காலம் வக்கீல் தொழில். பிறகு 1966-ல் கோல்ட்மன் சாக்ஸில் சேர்ந்தார். பெரிய நிறுவனங்கள் சின்ன நிறுவனங்களை வலுக்கட்டாயமாக விழுங்கத் துடித்த எழுபதுகளில் கோல்ட்மன் வித்தியாசமான வியூகம் வகுத்தது: தாக்குபவருக்குத் துணை போகாமல், தாக்கப்படுபவரைக் காப்பாற்றுவது. அந்தப் பிரிவை வளர்த்தவர்களில் ஃபிரைட்மன் முக்கியமானவர். பிடியிலிருந்து நழுவும் கலை அவருக்குப் புதிதா என்ன?

1990-ல் ராபர்ட் ரூபினுடன் இணைத் தலைவர். ரூபின் கிளிண்டன் அரசுக்குப் போனதும் தனித் தலைவர். 1994-ல் சோதனை வந்தது. அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்த, கடன் பத்திரச் சந்தை சரிந்தது. கோல்ட்மன் அப்போது பங்குதாரர்களின் சொந்தப் பணத்தில் நடந்த கூட்டு நிறுவனம். நஷ்டம் நேராக அவர்கள் மடியில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து உடல்நிலையைக் காரணம் காட்டி ஃபிரைட்மன் விலகினார். நடுக்கடலில் விட்டுவிட்டார் என்று சகாக்கள் பலர் பொருமினார்கள்.

ஆனாலும் மதிப்பு குறையவில்லை. 2002-ல் அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகரானார். கல்லூரி மல்யுத்தத்துக்கென்றே கார்னெலில் எழுந்த, அவர் பெயர் தாங்கிய பயிற்சி மையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

2008 நிதி நெருக்கடியில் விவகாரம் வெடித்தது. மத்திய வங்கியின் நியூயார்க் கிளை இயக்குநர் குழுத் தலைவராக இருந்தார் அவர். கோல்ட்மன் இயக்குநர் குழுவிலும் இருந்தார். செப்டம்பரில் கோல்ட்மன் அதே மத்திய வங்கியின் கண்காணிப்புக்குள் வந்தது. பதவியில் நீடிக்க விதிவிலக்கு கேட்கப்பட்டது. அது கிடைக்கும் முன்பே, டிசம்பரில், மேலும் 37,300 கோல்ட்மன் பங்குகளை வாங்கினார். விதிமீறல் இல்லை என்றது வங்கி. விமர்சகர்கள் விடவில்லை. 2009 மே மாதம் ராஜினாமா செய்தார்.

சட்டப்படி அவர் தோற்கவில்லை. ஆனால் கோதாவில் நடுவரே மல்லனாகவும் நின்றால் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. இளமையில் கோதாவில் புரண்ட ஃபிரைட்மனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.