கலிபோர்னியாவில் குழந்தைப் பராமரிப்புரிமையும் போதைப்பொருள் சோதனையும்

பெற்றோர் பிரிந்து வாழும்போது குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதைக் குறிப்பது பராமரிப்புரிமை ஆகும். மற்றவர் குழந்தையைக் காணும் உரிமை சந்திப்புரிமை எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் இவை மாநிலச் சட்டங்களால் தீர்மானிக்கப்படுகின்றன. கலிபோர்னியா மாநிலத்தில், பெற்றோரில் ஒருவர் போதைப்பொருள் பயன்படுத்துவதாக எழும் ஐயத்தைக் குடும்பச் சட்டத்தொகுப்பின் பிரிவுகள் 3011, 3041.5 ஆகியவற்றின்படி நீதிமன்றம் ஆராய்கிறது.

ஐயமும் சான்றும்

பிரிவு 3011 இன்படி குழந்தையின் நலனே முதன்மையானது. பெற்றோரின் தொடர்ச்சியான சட்டவிரோதப் போதைப்பொருள் பயன்பாடு, மிகையான மதுப்பழக்கம், மருத்துவர் பரிந்துரைத்த கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியன கருத்தில் கொள்ளப்படும். பிரிந்தோரிடையே பொய்க் குற்றச்சாட்டுகளும் எழக்கூடும். எனவே காவல்துறை, மருத்துவமனை, மறுவாழ்வு மையம் போன்றவற்றின் எழுத்து மூல அறிக்கைகளை நீதிமன்றம் முதலில் கோரலாம்.

சோதனை

பராமரிப்புரிமை வழக்குகளில் போதைப்பொருள் சோதனைக்கு ஆணையிட நீதிமன்றத்துக்குச் சட்ட அதிகாரம் இல்லை என 2000 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. இதன் பின்னர் இயற்றப்பட்ட பிரிவு 3041.5 அவ்வதிகாரத்தை வழங்கியது. எனினும் வெறும் ஐயம் போதாது. தொடர்ச்சியான பயன்பாடு உள்ளதென நீதிபதி சான்றுகளின் அடிப்படையில் முடிவு செய்தல் வேண்டும்.

சோதனை முறை இயன்றவரை குறைந்த ஊடுருவல் உடையதாகவும், நடுவண் அரசு ஊழியர்களுக்கான சோதனை விதிமுறைகளுக்கு ஏற்பவும் அமைய வேண்டும். அவ்விதிமுறைகள் அப்போது சிறுநீர்ச் சோதனையை மட்டுமே ஏற்றிருந்ததால், முடிச் சோதனைக்கு ஆணையிட இயலாது என 2005 ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. சிறுநீர்ச் சோதனை பெரும்பாலும் சில நாட்களுக்குள் நிகழ்ந்த பயன்பாட்டையே காட்டும். முடிச் சோதனை ஏறத்தாழ மூன்று மாதப் பயன்பாட்டைக் காட்டவல்லது.

முடிவுகளின் பயன்பாடு

போதைப்பொருள் இருப்பதாகச் சோதனை காட்டினால், சம்பந்தப்பட்டவர் அதை எதிர்த்து விசாரணை கோரலாம். அம்முடிவு உறுதியானாலும் அதை மட்டுமே காரணமாகக் கொண்டு அவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்க இயலாது. முடிவுகள் முத்திரையிட்ட இரகசிய ஆவணமாகப் பேணப்படும். அவற்றைக் குற்றவியல் வழக்கில் பயன்படுத்தலாகாது.

மேற்பார்வைச் சந்திப்பு

குழந்தைக்கு ஆபத்து உண்டெனக் கருதினால் நீதிமன்றம் மேற்பார்வையுடன் கூடிய சந்திப்புக்கு ஆணையிடலாம். பயிற்சி பெற்ற பணியாளரோ, உறவினர் போன்ற ஒருவரோ சந்திப்பு முழுவதும் உடனிருப்பார். இதனால் குழந்தையின் பாதுகாப்பு பேணப்படுகிறது. பெற்றோருடனான உறவும் அறுபடுவதில்லை. நிலைமை மாறினால் ஆணையை மாற்றக் கோரி நீதிமன்றத்தை மீண்டும் அணுகலாம்.